வாழைநாராய் இருந்திருந்தால்

இன்று காலை வண்டிச் செட்டின் கதவைத் திறந்ததும் செவ்வந்தி வாசமும் பெட்ரோல் வாசமும் ஒன்றாக வந்து மூக்கில் ஏறின. ஆயுத பூசை. நேற்று மாலையே யாரோ ஒரு கூடைப் பூவைக் கொண்டுவந்து வண்டிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மற்றவர்களுக்கு அது பண்டிகை வாசம். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும். உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று இன்று காலைவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை என்று சொல்லத்தான் இந்த மடல். செத்துப்போனவனுக்கு எழுதிக்கொண்டிருக்கிறானே, இவனுக்கு வேறு வேலை இல்லையா என்று நீ சிரிப்பாய். சிரி. இன்று பங்களாவில் விருந்தாளிகள் யாரும் இல்லை. மழை வேறு பிடித்துக்கொண்டது.

நீயும் நானும் தேயிலைத் தோட்டத்து மேல்கணக்குப் பிரிவில், லயத்து வரிசை வீடுகளில், அடுத்தடுத்த காம்பராவில் வளர்ந்தவர்கள். கொழுந்து லொறியில் ஏறி மூட்டை தூக்கியதும் ஒன்றாகத்தான். தோட்டத்துப் பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கி, விருந்தாளிகள் தேயிலைக்குள் சுற்றிவர நாலு சக்கர ஏடீவி வண்டிகள் இரண்டை இறக்கியபோது, ஓட்டிக் காட்ட உன்னையும் கழுவித் துடைத்துப் பழுது பார்க்க என்னையும் எடுத்தார்கள். லயத்துப் பிள்ளைகள் அதற்கு நாலுகால் பைக் என்று பெயர் வைத்தார்கள். தடித்த டயரும் அகன்ற ஹேண்டிலுமாக அது நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் ஏறி ஒரு சுற்றுப் போய்வரலாம் என்றுதான் தோன்றும். நாலு சக்கரம் இருக்கிறதே, எங்கே விழப்போகிறது என்ற நினைப்பு. அந்த நினைப்போடுதான் நீ தினமும் சண்டை போட்டாய்.

கொழும்பிலிருந்து வந்த அந்தப் பெரிய மனிதரை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ரப்பர் செருப்போடு வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, தான் ஜீப்பே ஓட்டுகிறவன், தனக்கு ஒன்றும் சொல்லித்தர வேண்டாம் என்றார். நீ சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கையைக் கட்டி நின்றாய். "சேர், ஜீப்புல நீங்க சும்மா உக்காந்தா போதும், அது போயிரும். இதுல ஒடம்பு முழுக்க சேர்ந்து ஓட்டணும்" என்று சிங்களத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொன்னாய். பிறகு நடு முற்றத்தில், வண்டி இல்லாமலே, மேட்டில் ஏறும்போது எப்படி முன்னால் சாய வேண்டும், இறக்கத்தில் எப்படிப் பின்னால் தள்ளி உட்கார வேண்டும், சரிவில் குறுக்கே போகும்போது எப்படி மலைப்பக்கம் உடம்பைக் கொடுக்க வேண்டும் என்று ஆடிக் காட்டினாய். சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உனக்கு அதெல்லாம் உறைக்கவே உறைக்காது. அந்த மனிதர் கடைசியில் சப்பாத்து மாட்டிக்கொண்டுதான் ஏறினார்.

நீ ஓயாமல் சொன்ன ஒன்று உண்டு. "தொங்குறது எதுவும் வண்டியில வேணாம்." பெண்பிள்ளைகளின் துப்பட்டாவைப் பார்த்தால் அதைச் சொல்லுவாய். பையன்கள் கழுத்தில் தொங்கும் கமராவைப் பார்த்தாலும் அதுதான். மழைக்கோட்டின் நாடாவைக்கூட உள்ளே சொருகச் சொல்லுவாய். இந்த வண்டிக்கு ஆக்சிலேட்டர் கட்டைவிரலில் இருக்கிறது. ஹேண்டிலின் வலப்பக்கம் ஒரு சின்ன நெம்புகோல், அவ்வளவுதான். அமுக்கினால் பாயும், விட்டால் தானாகத் திரும்பி வரும். அது திரும்பி வராவிட்டால் மற்ற எல்லாமே கதை என்பாய். அதனால் காலையில் வண்டியைக் கிளப்பும் முன், ஹேண்டிலை இடப்பக்கம் முழுக்கத் திருப்பி ஒரு தடவை, வலப்பக்கம் முழுக்கத் திருப்பி ஒரு தடவை, அந்த நெம்புகோலை அமுக்கி விட்டுப் பார்ப்பாய். டக் என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்ட பிறகுதான் உனக்குத் தேத்தண்ணி இறங்கும்.

நான் பொறுமை இல்லாதவன். டயரைக் காலால் உதைத்துப் பார்த்து, காற்று இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். நீ விடமாட்டாய். இதற்குக் காற்று கொஞ்சம்தான் அடிக்க வேண்டும், ஆனால் நாலிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும், ஒரு பக்கம் குறைந்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும் என்று காற்று அளக்கும் கருவியை வைத்துக் குந்தி உட்கார்ந்து பார்ப்பாய். தை மாசத்துத் தூசியில் எஞ்சினின் காற்று வடிகட்டியை எடுத்துத் தட்டச் சொல்லுவாய். மழைக்காலத்தில் அச்சில் சுற்றிய புல்லை விரல் விட்டுப் பிடுங்கச் சொல்லுவாய். அட்டையும் சேர்ந்து வரும். நான் உன்னை ஏசுவேன். "ஏசிக்கிட்டே புடுங்கு மச்சான், கை நிக்கக் கூடாது" என்பாய்.

ஆள் ஏற்றுவதில்லை என்பதில் மட்டும் உன்னோடு தோட்டமே சண்டை போட்டது. அது ஒருவர் ஓட்டுகிற வண்டி, பின்னால் ஒரு ஆள் ஏறினால் மேட்டில் முன்சக்கரம் தூக்கிவிடும் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் நம்ம பக்கத்தில், தலையில் சுமையோடு மலையேறி வரும் ஒருத்தியைத் தாண்டி வெறும் வண்டியில் போனால் அதை யாரும் மறக்கமாட்டார்கள். லெட்சுமி அக்கா மஸ்கெலியாவிலிருந்து அரிசி மூட்டையோடு வந்த நாள் நினைவிருக்கிறதா? நம் மேல்கணக்கில் அவ்வளவு வேகமாகக் கொழுந்து பறிக்கிற கை வேறு இல்லை. வாயும் அதே வேகம். பஸ்ஸிலிருந்து இறங்கி மலையேறி வந்தவர், உன்னை நிறுத்தினார்.

"ஏத்திக்கிட்டுப் போனா ஒன் வண்டி தேஞ்சா போயிரும்? தொர மாதிரி தனியா போற?"

"அக்கா, ஒங்கள ஏத்த முடியாது. மூட்டைய குடுங்க."

மூட்டையை முன் கரியரில் வைத்துக் கட்டினாய். பிறகு வண்டியை ஆகக் குறைந்த கியரில் போட்டு, லெட்சுமி அக்கா நடக்கிற வேகத்துக்கே, கோயில் தேர் மாதிரி ஊர்ந்துகொண்டு அவரோடு கதைத்துக்கொண்டே லயம் வரைக்கும் போனாய். நடப்பதைவிட அது உனக்குக் கஷ்டம், எஞ்சின் சூடேறும், கிளச்சுக்கும் நல்லதல்ல. வந்ததும் ஆற வைத்துவிட்டு எனக்குத் தெரியாமல் ஓயில் பார்த்தாய். நான் பார்த்தேன். அதன் பிறகு தோட்டத்தில் யாரும் உன்னிடம் ஏற்றிப்போகச் சொல்லிக் கேட்கவில்லை. மூட்டையைக் கொடுத்துவிட்டு, கூடவே நடந்து, ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டுப் போனார்கள். உனக்கு அவ்வளவு மரியாதை இருந்தது. கவனக்காரன் என்று பெயர் இருந்தது. அதை நான் இங்கே எழுதி வைக்க வேண்டும். பிறகு நடந்தது அந்தப் பெயரைத் தின்றுவிட்டது.

கமலாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொட்டகலைப் பக்கத்திலிருந்து உனக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த வருடமே உன் அப்பா போய்ச் சேர்ந்தார். பிறகு பிள்ளை தங்கவில்லை, ஒரு தடவைக்கு மேல் கலைந்துபோனது. லயத்து வாய்க்கு இது போதாதா? கை ராசியில்லாதவள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. நல்ல காரியத்துக்குக் குங்குமம் எடுத்துக்கொடுக்க அவளைக் கூப்பிடாமல் விட்டார்கள். அவள் எதையும் கேட்காததுபோல் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய் வந்தாள். உனக்கு மட்டும் உள்ளே எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர் பிடிக்கிற பீலியில் யாரோ அவளைப் பற்றி ஏதோ சொன்னார்கள் என்று நீ குடத்தைத் தூக்கிப் போட்டு உடைத்ததும் உண்டு.

அந்த ஆயுத பூசைக்கு வண்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். வழக்கமாக, பூசாரி மாலை போட்டு எலுமிச்சம்பழம் வைத்துத் தீபம் காட்டியதும், நீ மாலையைக் கழற்றி, கண்ணில் ஒற்றி, சாமி படத்துக்குப் போட்டுவிடுவாய். சாமிக்குப் போட்டதைக் கழற்றலாமா என்று கோயில்காரர்கள் முணுமுணுப்பார்கள். "சாமி எங்க வேணும்னாலும் இருக்கும், ஹேண்டில்ல மட்டும் வேணாம்" என்று நீ சிரித்துச் சமாளிப்பாய். அன்று மாலையைக் கொண்டுவந்தது கமலா. அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, மஸ்கெலியாக் கடையில் வாங்கிவந்த செவ்வந்தி மாலை. ஹேண்டிலில் அவளே கட்டினாள். நீ கழற்றக் கை வைத்தபோது உன் கையைப் பிடித்தாள்.

"வீட்டு வரைக்குமாச்சும் இருக்கட்டுங்க. நான் வேண்டிக்கிட்டது."

சுற்றி ஆட்கள் நின்றார்கள். அவள் கொடுத்ததை அவள் புருஷனே கழற்றிப் போடுகிறானா என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். பிறகு மாலையின் தொங்கலை எல்லாம் மேலே மடித்து, ஹேண்டிலின் நடுக்கம்பியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாய். தலைக்கவசம் மாட்டினாய். எஞ்சினை நிறுத்தும் கயிற்றை மணிக்கட்டில் மாட்டினாய். ஆக்சிலேட்டரை அமுக்கி விட்டாய், டக் என்றது. ஹேண்டிலை மட்டும் முழுக்கத் திருப்பிப் பார்க்கவில்லை. கோயில் வாசலில் திருப்ப இடம் இல்லை, அவ்வளவு சனம்.

கோயிலிலிருந்து லயத்துக்குப் போகும் பாதையில், இறக்கத்து முடிவில் பீலி வளைவு. நான் பூசைத் தட்டோடு பின்னால் நடந்து வந்தேன். பீலியில் பெண்கள் குடத்தோடு நின்றார்கள், லெட்சுமி அக்காவும் நின்றார். நீ வளைவுக்காக ஹேண்டிலை ஒடித்துத் திருப்பினாய். வண்டி உறுமிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. நீ பிரேக்கை இறுக்கிப் பிடித்தாய், டயர் ஈர மண்ணைக் கீறிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். எஞ்சினை நிறுத்தும் சிவப்பு சுவிட்சையும் தட்டப் பார்த்தாய். ஆனால் இறக்கம், மழை பெய்த மண். பெண்கள் இருந்த பக்கம் போகாமல் மறுபக்கம் திருப்பிப் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் விட்டாய். வண்டி உன்மேல் கவிழ்ந்தது. மணிக்கட்டுக் கயிறு பிடுங்கிக்கொண்டதால் எஞ்சின் முழுசாக நின்றுபோயிருந்தது, இல்லாவிட்டால் அன்றே போயிருப்பாய். பீலியில் ஓடித் தப்பப் பார்த்த கூட்டத்தில் லெட்சுமி அக்கா கீழே விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்தது.

நான்தான் முதலில் கானுக்குள் குதித்தேன். வண்டியைத் தூக்கும்போது பார்த்தேன். மாலை கட்டிய நூலின் ஒரு முனை முன் கரியர் கம்பியில் மாட்டி, மறுபக்கம் ஆக்சிலேட்டர் நெம்புகோலைச் சுற்றி இறுகியிருந்தது. அது நைலோன் நூல். நம் வீடுகளில் வாழைநாரில் கட்டுவோம், இழுத்தால் அறுந்துவிடும். கடைக்காரன் மீன்பிடி நரம்பு மாதிரி ஒன்றில் கட்டியிருந்தான். வாழைநாராய் இருந்திருந்தால் அது அறுந்து, பூ உதிர்ந்து, நீ வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்திருப்பாய். இத்தனை வருடமாக நான் படுக்கும்போதெல்லாம் மனதில் ஓடுவது இதுதான். ஒரு சாண் நார்.

நீ கானுக்குள் கிடந்துகொண்டே என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "மச்சான், அந்த நூல எடு. கமலா வர்றதுக்குள்ள எடு." கால் முறிந்து கிடக்கிறவன் சொல்கிறானே என்று பையிலிருந்த பிளேடால் அறுத்து எடுத்தேன். அவள் பயந்துவிடுவாள் என்றுதான் அப்போது நினைத்தேன். நீ அதற்குள் எவ்வளவு தூரம் யோசித்துவிட்டாய் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் மனேஜர் வந்து கேட்டார். கமலா தேத்தண்ணி வாங்கப் போயிருந்தாள். நான் மறைக்கவில்லையடா, உள்ளதைச் சொன்னேன். மாலை நூல் ஆக்சிலேட்டரில் சுற்றிக்கொண்டது சேர், பிரேக் நன்றாகத்தான் இருந்தது என்றேன். நீ கட்டிலில் கிடந்தபடி தலையை ஆட்டினாய்.

"அப்புடி ஒண்ணும் இல்ல சேர். காலையில நான் பிரேக் பாக்கல. மறந்துட்டேன். இவன் கூட்டாளிங்கிறதால எனக்காகப் பேசுறான்."

மனேஜர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் உன் கணக்கில்தான் வைத்திருக்கிறேன். அவர் போனதும் நான் கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்காரும் அளவுக்குக் கத்தினேன். நீ மெதுவாகச் சொன்னாய்: "லெட்சுமி அக்கா கை போச்சு. அதுக்குக் காரணம் கமலா மாலன்னு தெரிஞ்சா, அந்த லயத்துல அவ இருக்க முடியுமா? நீயே சொல்லு." "அவ பேரு இதுல வரவே கூடாது. ஒன் பிள்ளைங்க மேல சத்தியம் பண்ணு" என்றாய். பண்ணினேன். நூலை அடுப்பில் போட்டேன். பாதையில் இருந்த டயர்க் கீறலை மழை கழுவிவிட்டது. நீ பிரேக் பிடித்ததற்கு வேறு சாட்சி இல்லை.

உன் வேலை போயிற்று. அது பெரிதல்ல. நொண்டிக்கொண்டே கொழும்பில் ஒரு கட்டடத்துக்குக் காவல்காரனாகப் போய் உட்கார்ந்தாய், பிழைத்துக்கொண்டாய். ஆனால் பெயர்? லெட்சுமி அக்காவின் கை வளைந்தே ஒட்டியது. கொழுந்து பறிக்க முடியாமல் அவர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் ஆயா வேலைக்குப் போனார். போகும் வழியில் உன்னைப் பற்றிச் சொல்லாத நாளில்லை. "பிரேக்கு பாக்காத மனுசன்." பிறகு அதுவே உனக்குப் பெயராகிப்போனது. தினமும் விடியுமுன் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பார்த்தவனுக்கு, பிரேக்கு இல்லாதவன் என்று பெயர். தீபாவளிக்கு நீ வந்தால் சின்னப் பிள்ளைகள்கூட "கிரீச்" என்று சத்தம் போட்டுவிட்டு ஓடும். நீ சிரித்துக்கொண்டே போவாய். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

உன்மேல் எனக்கு இருக்கும் கோபம் பெயருக்காக மட்டும் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், உயிரோடு இருக்கும்போது நீ கேட்டிருக்கமாட்டாய். உன் பொய்யால் இந்தத் தோட்டம் தப்பான பாடத்தைப் படித்தது. மனேஜர் செட்டுச் சுவரில் பிரேக் பார்க்கச் சொல்லிப் பெரிதாக எழுதி வைத்தார். நல்லதுதான். ஆனால் மாலையைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. அடுத்த ஆயுத பூசைக்கு ஓட்டோக்காரர்கள், மோட்டார் பைக் பையன்கள், எல்லோரும் அதே கடையில் அதே நைலோன் மாலை வாங்கி ஹேண்டிலில் கட்டிக்கொண்டு மலைப்பாதையில் பறந்தார்கள். ஏன் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. கையில் பிளேடோடு சந்தியில் நின்று, எஞ்சின் சூட்டில் பூ கருகும், சாமி குற்றமாகும் என்று ஏதேதோ புளுகி, ஒவ்வொரு வண்டியாக அறுத்து விட்டேன். கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். ஒரு பொய்யைக் காப்பாற்ற நான் வருடா வருடம் புதிதாகப் பொய் சொல்ல வேண்டியிருந்தது. நீ கொழும்பில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாய்.

நிம்மதியாகத்தான் இருந்தாயா? கேட்டிருக்கலாம். ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது கேட்கத்தான் வாயெடுத்தேன். நீ முந்திக்கொண்டு, நான் எப்படி இருக்கிறேன் என்றுகூடக் கேட்காமல், "வண்டி எப்புடிடா இருக்கு?" என்றாய். ஓடுது என்றேன். "டக்குன்னு சத்தம் வருதா?" வருது என்றேன். அதற்குள் உன் பஸ் வந்துவிட்டது. நெஞ்சுவலி என்று ஒரு மத்தியானம் உட்கார்ந்த நாற்காலியிலேயே போய்விட்டாய் என்று செய்தி வந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த அரைகுறைப் பேச்சுத்தான். இவ்வளவு காலப் பழக்கத்துக்கு ஒழுங்காக ஒரு விடைபெறல்கூட இல்லாமல் போயிற்றே என்று இருந்தது. உன்னை ஊருக்குக் கொண்டுவந்து, லயத்திலிருந்து இறக்கிக்கொண்டு போகும்போது பீலி வளைவில் யாரோ ஒருத்தன், "மெதுவா எறக்குங்கப்பா, பிரேக்கு இல்லாதவரு" என்றான். சிலர் சிரித்துவிட்டார்கள். சாவு வீட்டில் அப்படிப் பேசுவது நம்மவர்களுக்குப் புதிதல்ல, பாசத்தில் சொன்னதாகவும் இருக்கலாம். ஆனால் நான் உன் பாடையை ஒரு தோளில் சுமந்துகொண்டிருந்ததால்தான் அவன் தப்பினான்.

கமலா இப்போது பங்களாச் சமையல்கட்டில் வேலை செய்கிறாள். நானும் அவளும் தினமும் பார்க்கிறோம், சோறு, குழம்பு, மழை என்று பேசுகிறோம். உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் எழுந்து செட்டுக்குப் போய்விடுவேன். சத்தியம் பண்ணினவன் அல்லவா?

இன்று காலை, பூக்கூடையைப் பார்த்துக்கொண்டு நான் நிற்கும்போது அவள்தான் உள்ளே வந்தாள். கையில் கட்டி முடித்த மாலை. அவளிடம் என்ன புளுகிச் சொல்வது? பூ கருகும் என்றா? அவள் என்னைத் தாண்டிப் போனாள். ஹேண்டிலைத் திரும்பியும் பார்க்கவில்லை. வண்டியின் பின்பக்கம் போய், பின் கரியர் கம்பியில் மாலையைக் கட்டி, தொங்கலை எல்லாம் உள்ளே சொருகி, மிஞ்சிய முனையைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

"வாழைநாருண்ணே. நானே கட்டுனது. கடை மால இனிமே வேணாம்."

அவளே சொன்னாள்.

"அன்னைக்குக் கானுல கெடந்த மாலைய நான்தானே பொறுக்குனேன். பிஞ்சு போயிருந்தா நூலு சிம்பு சிம்பா இருக்கும். அது பிளேடால வெட்டுன மாதிரி நறுக்குன்னு இருந்துச்சு. வெட்டுறதுக்கு அங்க ஒங்களத் தவிர யாரு இருந்தா? அப்பவே புரிஞ்சிருச்சுண்ணே."

"அவன்கிட்ட ஏம்மா சொல்லல?"

கமலா செட்டுச் சுவரில் பிரேக் பார்க்கச் சொல்லி எழுதியிருந்ததைப் பார்த்தாள். "வேலையும் போச்சு, பேரும் போச்சு. என்னையக் காப்பாத்திட்டோங்கிற நெனப்பு ஒண்ணுதான் அவருக்கு மிஞ்சியிருந்துச்சு. எனக்குத் தெரியும்னு சொல்லி அதையும் நான் புடுங்கிக்கிறதா?" என்றாள். அழவில்லை. நான்தான் அழுதேன், கிறீஸ் கையால் கண்ணைத் துடைத்து அதையும் எரிச்சலாக்கிக்கொண்டேன்.

பூசைக்கு லயத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். லெட்சுமி அக்காவும் பூசைக் கடலைக்காக வந்து முன்னால் நின்றார். தீபம் காட்டி முடிந்ததும் கமலா அவர் முன்னால் போய் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "அக்கா, அன்னைக்கு அவரு பிரேக் பாத்திருந்தாரு. என் மால நூலு சுத்திக்கிட்டதுதான். ஒங்க கை போனது என்னால. ஏசுறதுன்னா என்னைய ஏசுங்க." நீ எதற்குப் பயந்தாயோ அது இப்போது வரும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். லெட்சுமி அக்கா அவளை ஏசவில்லை. வளைந்த கையால் கமலாவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அடிப்பாவி, அந்த மனுசன் உசுரோட இருக்கும்போது இத சொல்லக் கூடாதா? பாக்குற எடமெல்லாம் ஏசுனேனே. செத்த அன்னைக்கும் ஏசிக்கிட்டேதானே நடந்தேன்."

இதுதான் நடந்தது. நீ நினைத்தது போல் இந்தத் தோட்டம் அவ்வளவு பொல்லாதது இல்லையோ என்னவோ. அன்றே சொல்லியிருந்தால் கடித்துக் குதறியிருப்பார்களோ, அதுவும் தெரியாது. பக்கத்தில் நின்று இந்தப் பேச்சைக் கேட்க உனக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் வாயை மூடிக்கொண்டு, ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, கடைசியில் உன்னைத்தான் யாரும் காப்பாற்றாமல் விட்டோம்.

எல்லோரும் கடலை வாங்கிக்கொண்டு போன பிறகு நான் உன் வண்டியில் ஏறினேன். அதே பழைய சிவப்பு வண்டிதான். டயர் மாற்றியாயிற்று, செயின் மாற்றியாயிற்று, உட்காருமிடம் கிழிந்து நான் தைத்திருக்கிறேன். ஹேண்டிலை இடப்பக்கம் முழுக்கத் திருப்பி அமுக்கி விட்டேன், டக். வலப்பக்கம் முழுக்கத் திருப்பி அமுக்கி விட்டேன், டக். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் பேர் கொடுப்பதுபோல் ஒரு நாளும் தவறாமல் இதைச் செய்கிறேன், இதைச் செய்யும்போது மட்டும் நீ பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருக்கிறாய். பிறகு மழையில் பீலி வளைவு வரைக்கும் மெதுவாக இறங்கினேன். வளைவில் பிரேக்கைப் பிடித்தேன். நின்றது. ஈர மண்ணில் இரண்டு கீறல் விழுந்தது. இறங்கி அதைப் பார்த்துக்கொண்டு நனைந்தபடி நின்றேன்.

நல்லாப் பிடிக்குதுடா மச்சான். அன்றைக்கும் பிடித்தது.